ஐந்தாவது பேர்

ஏப்ரல் 3, 2023, திங்கள்

கேசட் பிளேயருக்கு ரப்பர் பெல்ட் வாங்க மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இன்னுமா அண்ணாச்சி இதெல்லாம் வச்சிருக்கீய?" என்றார். வைத்திருக்கிறேன். நாற்பத்தோரு கேசட்டுகள். எல்லாம் ஞானப்பூ அக்கா மேடையில் பாடியவை. அவற்றைக் கணினிக்கு மாற்றி, அக்காவின் வாழ்க்கை வரலாற்றோடு சேர்த்து, மே 11 தியாகிகள் நாளில் வெளியிட வேண்டும் என்று உப்பளத் தொழிலாளர் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் போடப் பத்துப் பேர், வேலை பார்க்க இந்த லிங்கதுரை ஒருத்தன்.

குறை சொல்லவில்லை. அக்காவின் கலைக்குழுவுக்கு நாற்பத்தைந்து வருடமாக நான்தான் செயலாளர். அக்காவுக்கு நாற்பது வயது வரை எழுத்துத் தெரியாது. அவர் பாடப் பாட நான் எழுதுவேன். எந்தக் கூட்டத்தில் எத்தனை பேர், யார் தலைமை, எப்போது மைக் கெட்டது என்பதுவரை என் நோட்டுகளில் இருக்கிறது. குறிப்பு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. அதனால்தான் இந்த டைரியும்.

அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. அக்காவின் தொண்டையில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் இருபத்தொன்றாம் தேதி குரல்வளையை எடுக்கிறார்கள். எழுபத்து நாலு வயதில் உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் கடைசியாக ஒருமுறை நல்ல பதிவு எடுத்தாக வேண்டும்.

ஏப்ரல் 5, புதன்

வரலாற்றின் முதல் அத்தியாயம் முடிந்தது. 1949இல் மேட்டளத்தில் பிறந்தார், ஒன்பது வயதில் உப்புச் சுமக்கப் போனார் என்று எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன்.

கரகரத்த குரலில் சொன்னார். விடிந்தும் விடியாத நேரத்தில் அளத்து மேட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கங்காணி பேரேட்டைப் பிரிப்பான். ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். பேருக்கு உரியவர் "உண்டு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். குரல் வரவில்லை என்றால் ஆள் கண்முன்னால் நின்றாலும் அன்றைக்கு வேலை கிடையாது. இதற்குப் பேர்விளி என்று பெயர். ஒருநாள் அக்காவின் அம்மாவுக்குக் காய்ச்சல். வரிசையிலேயே கண் செருகி நின்றார். பேரைக் கூப்பிட்டதும் அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒன்பது வயசுப் பிள்ளை "உண்டு" என்று கத்திவிட்டு அம்மாவின் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது.

"ஏல துரை, நான் முதமுதல்ல பாடுனது அன்னைக்குத்தான். அடுத்தவுக பேருக்கு நான் பதில் சொன்னேன். அப்படியே எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். நல்ல தொடக்கம்.

ஏப்ரல் 6, வியாழன்

மின்சாரம் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேலை ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 8, சனி

இன்று 1982 கேசட். அக்காவின் பேர்விளிப் பாட்டு இருக்கிற ஆகப் பழைய பதிவு.

படிக்கிறவர்களுக்காக அந்தப் பாட்டின் கதையைக் குறித்துவைக்கிறேன். 1979 மே 11, மேட்டளத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின் இருபத்தாறாவது நாள். உச்சி வெயிலில் முதலாளியின் அடியாட்கள் இரண்டு லாரிகளில் இரும்புக் கம்பிகளோடு வந்து இறங்கினார்கள். மறியலில் இருந்தவர்கள் ஓடையில் குதித்தார்கள். கடல் ஓதம் ஏறி ஓடையில் தண்ணீர் நிறைந்திருந்த நேரம். சாயங்காலத்துக்குள் நாலு உடல்கள் கிடைத்தன. பட்டமுத்து, மரியசூசை, வள்ளிநாயகம், செவத்தியாள். ஐந்தாவது ஆள் கொம்பையா, இருபத்தாறு வயது. அவன் உடல் கிடைக்கவில்லை. தலையில் அடிபட்டு அவன் ஓடையில் விழுந்ததை நேரில் பார்த்த சாட்சி நான். சங்கக் குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது. எழுதியதும் நான்தான்.

மறுநாள் போராட்டப் பந்தலில் அக்கா இந்தப் பாட்டைக் கட்டினார். கங்காணியின் பேர்விளியையே எடுத்துத் திருப்பிப்போட்டார்.

பேரு சொல்லிக் கூப்பிடுதேன், பேச்சுக் குடு மக்கா,
ஆரு வந்தா, ஆரு வரல்ல, அளத்து மண்ணே சொல்லு.

பிறகு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். செத்தவருக்காகக் கூட்டம் முழுவதும் "உண்டு" என்று பதில் சொல்லும். டெல்லியில் பாடியிருக்கிறார், கொழும்பில் பாடியிருக்கிறார். மொழி தெரியாதவர்கள்கூட ஐந்து தடவை "உண்டு" சொன்னார்கள்.

இன்று கேட்டபோது ஒரு சின்ன விஷயம். ஐந்தாவது பேருக்குக் கூட்டம் "உண்டு" என்று முடித்த பிறகு, தனியாக ஓர் ஆண்குரல் "உண்டு" என்கிறது. மைக்குக்குத் தூரத்தில். கேசட்டில் நாடா ஒட்டி எதிரொலி வந்திருக்கும் என்று நினைத்து இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். மற்ற நாலு பேருக்கும் அந்த எதிரொலி இல்லை.

சமையலறையில் என் மனைவி சந்தனமாரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை ஓட்டும்போது துருவும் சத்தம் நின்றது. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தொடங்கவில்லை. தேங்காய் முற்றலாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 9, ஞாயிறு

1985, 1988. இரண்டிலும் அதே குரல். அதே இடம், ஐந்தாவது பேருக்குப் பிறகு.

யாரோ உணர்ச்சிவசப்பட்ட தோழர். கூட்டத்தில் அப்படி ஒருத்தர் எப்போதும் இருப்பார்.

இன்னொரு தொந்தரவு. 1982இல் ஐந்தாவது "உண்டு" முடிந்ததும் அக்கா உடனே அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். 1985இலிருந்து அங்கே தாளத்தில் ஒரு தட்டு காலியாக விடுகிறார். உறுமி தனியாக ஒரு அடி அடித்துவிட்டுக் காத்திருக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் அந்தக் குரல் வந்து உட்காருகிறது. தாளம் பிசகாத அக்கா இப்படி ஏன் செய்தார் என்று தெரியவில்லை. கணினியில் அந்த ஒரு தட்டை வெட்டிவிட்டால் பாட்டு இறுக்கமாக இருக்கும்.

வெட்டினேன். பிறகு மனசு கேட்காமல் திரும்ப ஒட்டிவிட்டேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

பேர்விளி இருக்கிற எல்லாப் பதிவுகளையும் வரிசையாகக் கேட்டு முடித்தேன். கேசட்டுகளும், பிற்பாடு போனில் எடுத்தவையும். கேட்டிருக்க வேண்டாம்.

மேட்டளத்தில் பாடிய ஒவ்வொரு வருடமும் அந்தக் குரல் இருக்கிறது. டெல்லியில் இல்லை, கொழும்பில் இல்லை. மேட்டளத்தில், மே 11இல் மட்டும். 1982இல் இளசான குரல். 1991இல் கட்டை தட்டியிருக்கிறது. 2004இல் "உண்டு" சொல்வதற்கு முன்னால் ஓர் இருமல். 2016இல் பல் போன வாயின் காற்று. போன வருடப் பதிவில் "உண்" என்பதோடு மூச்சு தீர்ந்துவிடுகிறது.

பேய் என்றால் செத்த வயசிலேயே நிற்கும் என்பார்கள். இந்தக் குரலுக்கு வருடா வருடம் வயசு ஏறுகிறது. நான் இதைப் பகல் பதினோரு மணிக்கு, ஜன்னல் எல்லாம் திறந்துவைத்துக் கேட்டேன். இருந்தும் பாதியில் எழுந்துபோய் வாசல் கதவையும் திறந்துவைத்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப் பிறப்பு. சந்தனமாரி செய்த பாயசத்தை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். குரல் பாதிக்குமேல் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை.

"வரலாறுன்னு என்னத்த எழுதுத? என் புருசனப் பத்தி எழுதுனியா?"

எழுதவில்லை என்றேன். அவர் கணவர் குழுவில் உறுமி வாசித்தவர். கல்யாணமாகி நாலாம் வருடம், "பாட்டா, நானா?" என்று கேட்டாராம். "கையில உறுமி வச்சிருக்கீரே, அதுகிட்ட கேளும்" என்றாராம் அக்கா. அவர் உறுமியை வைத்துவிட்டுப் போனவர்தான்.

"அதையும் எழுது. சினிமாக்காரன் வந்ததையும் எழுது. பாட்டக் குடு, செகப்ப மட்டும் எடுத்துருதோம்னான். செகப்ப எடுத்தா அது பாட்டா, ஒப்பாரியான்னு கேட்டேன். ஜெயில்ல முப்பத்திரண்டு நாளு கெடந்தத எழுது. அங்க உள்ள பொம்பளைகளுக்கும் பேர்விளி சொல்லிக்குடுத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "கேசட்டெல்லாம் கேட்டியா?"

"கேட்டேன் அக்கா."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

பாயசத்தில் இனிப்புக் குறைவு என்றார்.

ஏப்ரல் 17, திங்கள்

இன்று பதிவு. அக்கா வீட்டுச் சின்ன அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, காற்றாடியை நிறுத்தி, நல்ல மைக் வாடகைக்கு எடுத்துவந்து வைத்தேன். ஆறு பாட்டுப் பாடினார். குரல் கிழிந்துதான் வந்தது. கிழிசலோடு கேட்கவே கண் கலங்கிவிட்டது. கடைசியாகப் பேர்விளி.

முதல் நாலு பேரையும் கூப்பிட்டார். நான் ஒருத்தனே கூட்டமாக "உண்டு" சொன்னேன். ஐந்தாவது பேர் வருகிற இடத்தில் நிறுத்தினார்.

"ஏன் அக்கா, தண்ணி வேணுமா?"

"வேண்டாம். துரை, இது கடைசித் தடவ. இனிமே இந்தத் தொண்டை இல்ல. நான் பாடுனதுல பொய் இருக்கக்கூடாது. அந்தப் பந்தல்ல நீ வந்து அஞ்சு பேரச் சொன்ன, நான் பாடுனேன். இன்னைக்கும் நீ சொல்லு. அவன் விழுந்தத நான் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு, பாடிருதேன். இல்லன்னா வேற என்ன நடந்துச்சோ அதச் சொல்லு. அதுக்குத் தக்கனப் பாட்ட மாத்திப் பாடுதேன்."

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறையில் புழுக்கம். நான் மைக் ஒயரைச் சரிபார்த்தேன்.

"ஒயர்ல ஏதோ கோளாறு அக்கா. இன்னொரு நாள் எடுத்துக்கிடலாம்" என்றேன்.

"இன்னொரு நாளு" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி ரொம்ப நேரம் ஓயவில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை.

ஏப்ரல் 19, புதன்

இன்றும் போகவில்லை. வரலாற்றில் ஏழாவது அத்தியாயம் எழுதினேன். அதில் என் கல்யாணமும் வருகிறது. என்னைப் பற்றி நானே எழுதுவது கூச்சமாக இருந்தாலும் உள்ளதை எழுதத்தானே வேண்டும்.

சந்தனமாரி கொம்பையாவின் மனைவி. 1979இல் அவளுக்கு இருபது வயது, கல்யாணமாகி எட்டு மாதம். தியாகியின் விதவைக்கு வாழ்வு கொடுக்க யாராவது முன்வர வேண்டும் என்று சங்கத்தில் பேசினார்கள். நான் முன்வந்தேன். 1980 ஜூலையில் சங்க அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டோம். தாலி இல்லை, ஐயர் இல்லை. அக்காதான் வாழ்த்துப் பாடினார். தலைவர் என்னைக் கட்டிப்பிடித்து, உன்னைப் போல நாலு பேர் இருந்தால் போதும் என்றார். அதற்கு முன்பே எனக்குச் சந்தனமாரியைப் பிடிக்கும். அவள் கல்யாணத்துக்கு முன்பே பிடிக்கும். அது வரலாற்றுக்குத் தேவையில்லாத விஷயம்.

எங்களுக்கு ஒரு மகள், பெங்களூரில் இருக்கிறாள். சந்தனமாரி குறை சொல்லாதவள். நாற்பத்து மூன்று வருடத்தில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை. அதிகம் பேசியதும் இல்லை. ஒவ்வொரு மே 11க்கும் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவாள். எனக்குக் கருவாடு ஆகாது. குழுவில் யாருக்காவது கொடுப்பாள் என்று நினைக்கிறேன். சட்டி காலியாகத்தான் வீட்டுக்கு வரும்.

ஏப்ரல் 21, வெள்ளி

மதுரை. காலை எட்டு மணிக்கு அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நான் முந்திக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுக்கா, தைரியமா இருங்க" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு முடிந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை.

ஏப்ரல் 29, சனி

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. கழுத்தில் ஓட்டை, அதில் ஒரு குழாய். மூச்சு விடும்போது விசில் மாதிரி மெல்லிய சத்தம். ஆயிரம் பேரை எழுந்து நிற்கவைத்த தொண்டையில் இப்போது அந்தச் சத்தம்தான் இருக்கிறது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைசிப் பதிவு முழுசாகக் கிடைத்திருக்கும். என்னைத் தவிர யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மடியில் சிலேட்டு வைத்திருக்கிறார். நாற்பது வயதில் நான் கற்றுக்கொடுத்த எழுத்து, குண்டு குண்டாக இருக்கும். எழுதிக் காட்டினார்.

"இந்த வருசம் நீ கூப்பிடு."

"நானா? எனக்குப் பாட வராதே அக்கா."

அழித்துவிட்டு எழுதினார். "பாடாண்டாம். பேரக் கூப்பிடு. போதும்."

முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் தோன்றவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் சந்தனமாரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா கூப்பிடப்போறீய?" என்றாள். ஆமாம் என்றேன். உலையில் அரிசி போட்டுவிட்டுத் திரும்பவும், "நீங்களா?" என்றாள்.

மே 3, புதன்

காலை ஆறு மணிக்கு எழுந்தபோது சந்தனமாரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கொல்லையில் நின்றாள். புதன்கிழமை அவள் தலைக்குக் குளிப்பதில்லை. எண்ணெயும் தேய்க்கவில்லை, சும்மா தண்ணீர்.

"என்ன, இன்னைக்கு?"

"தோணிச்சி" என்றாள்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. வேதாரண்யத்து உப்பளச் சங்கத்துக்காரர் பேசினார். "தோழர், உங்க நம்பர் ஒரு நோட்டீசுல இருந்துச்சு. இங்க அளத்துல காவல்காரரா இருந்தவரு ஒருத்தரு நேத்துச் சாயங்காலம் தவறிட்டாரு. எழுபது வயசு இருக்கும். சொந்தம்னு யாருமில்ல. டிரங்குப் பெட்டியத் தொறந்தா, மேட்டளம் தியாகிகள் நாள் கூட்ட நோட்டீசு மட்டும் நாப்பதுக்கு மேல அடுக்கி வச்சிருக்காரு. ஒவ்வொரு வருசமும் மே மாசம் லீவு போட்டுட்டுப் போவாரு. உங்களுக்கு வேண்டியவரோன்னு கேக்கத்தான்."

"பேரு என்ன?" என்று கேட்டேன்.

"லிங்கதுரைங்க. எங்க பேரேட்டுல அப்படித்தான் இருக்கு. சொந்த ஊரு எதுன்னு கேட்டா சொல்ல மாட்டாரு."

என் பேர்தான். எனக்குத் தெரியாதவர் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சந்தனமாரி வாசல்படியில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். யார் என்று அவள் கேட்கவில்லை.

மே 4, வியாழன்

இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

கொம்பையா ஓடையில் விழவில்லை. பயந்து ஓடி, உப்பு ஏற்றி நின்ற லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு போனான். நான் பார்த்தேன். அன்று சாயங்காலம் நாலு உடலைக் கரையில் கிடத்திவிட்டு, கொம்பையா எங்கே என்று எல்லாரும் கேட்டபோது, ஓடிப்போனான் என்று சொல்ல வாய் வரவில்லை. சந்தனமாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்ததைப் பார்த்தேன் என்றேன். அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அது நடந்து பதினாறாவது நாள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவன் என் கையைப் பிடித்தான். தாடியும் மீசையுமாக இருந்தான். வீட்டுக்குப் போக வேண்டும், மாரியைப் பார்க்க வேண்டும் என்று அழுதான். நான் சொன்னேன்: "வேலைநிறுத்தமே அஞ்சு பேரு மேலதான் நிக்கி. நீ உயிரோட வந்தா மத்த நாலும் பொய்யின்னு முதலாளி சொல்லுவான். கொஞ்ச நாள் பொறு. நான் கூப்பிடுதேன். நான் கூப்பிட்ட பெறகு வா."

"நீ கூப்பிட்டா வாரேன்" என்றான். மூன்று தடவை சொன்னான். பஸ் ஏறிப் போனான்.

ஐம்பதாவது நாள் வேலைநிறுத்தம் வென்றது. நான் கூப்பிடவில்லை. சங்க விலாசத்துக்கு இரண்டு இன்லேண்டு கடிதம் வந்தது. "எப்ப கூப்பிடுவ?" என்று ஒரே ஒரு வரி. பதில் போடவில்லை. மறு வருடம் எனக்குக் கல்யாணம்.

கூப்பிட்டது அக்கா மட்டும்தான், வருடத்துக்கு ஒருமுறை. அதற்கு வந்து பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அக்காவுக்குக் குரலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985க்குள் கண்டுபிடித்திருப்பார். அதனால்தான் அந்த ஒரு தட்டு இடம்.

மே 7, ஞாயிறு

மேட்டளத்தில் தியாகிகளின் நினைவுத் தூணுக்கு வெள்ளையடிக்கப் போனேன். ஆள் கிடைக்கவில்லை, நானே அடித்தேன். உச்சி வேளை. அளத்தில் ஈ, காக்கா, சுடுகுஞ்சு இல்லை. சுற்றிலும் உப்புப் பாத்தி, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை.

பேர்களுக்குச் சிவப்புப் பூசும்போது பார்த்தேன். நாலு பேர்களும் வெட்டின எழுத்தாகக் கூராக இருக்கின்றன. ஐந்தாவது பேர் மட்டும் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. யாரோ வருடா வருடம் விரலால் தடவியிருக்கிறார்கள். ஒரு விரலா, இரண்டு பேருடைய விரலா என்று தெரியவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொம்பையா இப்போது உண்மையிலேயே செத்துவிட்டான். தூணில் பொய் இல்லை. பாட்டிலும் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பூசணிக்காயே இல்லை. ஐந்தாவது பேரைத் தைரியமாகக் கூப்பிடலாம். அக்கா முன்னாலும் தலை நிமிர்ந்து கூப்பிடலாம். வீட்டுக்கு வரும் வழியில் கரும்புச் சாறு குடித்தேன்.

மே 11, வியாழன்

சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். இருநூறு பேர் இருக்கும். அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து தூணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கழுத்தில் வெள்ளைத் துணி. சந்தனமாரி பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், மடியில் தூக்குச் சட்டியோடு. இந்த வருடமும் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

உறுமி தொடங்கியது. நான் மைக் முன்னால் நின்று கூப்பிட்டேன்.

பட்டமுத்து. உண்டு.

மரியசூசை. உண்டு.

வள்ளிநாயகம். உண்டு.

செவத்தியாள். உண்டு.

கொம்பையா என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. கூட்டம் "உண்டு" என்றது. அடுத்த அடிக்குப் போக வாயெடுத்தேன். அக்காவின் கை உயர்ந்தது. தாளம் நிறுத்துகிற கை. உறுமி ஒரு அடி அடித்துவிட்டு நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கழுத்துக் குழாயில் மூச்சுச் சத்தம் மட்டும்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால், உடைமரம் நிற்கிற பக்கத்திலிருந்து வந்தது.

"உண்டு."

போன வருடத்து மூச்சு வாங்கும் குரல் இல்லை. இருமலும் இல்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ கூப்பிட்டா வாரேன் என்று மூன்று தடவை சொன்ன குரல்.

இருநூறு பேரில் ஒருத்தரும் திரும்பவில்லை. முன்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார். சந்தனமாரி மட்டும் திரும்பினாள். எழுந்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு, உடைமரத்தைப் பார்த்து நடந்து போனாள். அங்கே நான் பார்த்தவரை யாரும் இல்லை. அக்கா கையை இறக்கினார். மிச்சப் பாட்டைக் குழுவினர் பாடினார்கள்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் சந்தனமாரி எனக்கு நெருக்கமாக உட்கார்ந்தாள், அந்தப் பக்கம் இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல. சட்டி காலியாக இருந்தது.

மே 12, வெள்ளி

விடிந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனேன். மூன்று டம்ளரில் காப்பி ஆற்றிவைத்திருந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"மூணாவது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"சத்தமாப் பேசாதீய. அவுக உள்ள தூங்குதாவ. ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்காவல்லா."

நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். இருபது வயதில் வைத்த மாதிரி, பெரிசாக.

"மாரி, செத்தவன் எப்படி வருவான்?"

அவளுக்குக் கோபம் இல்லை. நாற்பத்து மூன்று வருடத்தில் இத்தனை பிரியமாக என்னிடம் பேசியதில்லை. "இத்தனை வருசமும் அக்காதான் கூப்பிட்டாவ. அவுகளும் வந்து, நின்னு, பதில் சொல்லிட்டு, நான் குடுத்ததத் தின்னுட்டுத் திரும்பிப் போயிட்டாவ. வீட்டுக்கு வாங்கன்னு நானும் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். துரை கூப்பிடட்டும், வாரேம்பாவ. நேத்து நீங்கல்லா கூப்பிட்டீய?"

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. நான் எழுந்து வரும்போது திறந்துபோட்டு வந்தேன்.

வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெயில் ஏறிவிட்டது. கண்ணாடியும் மாத்திரையும் உள்ளே இருக்கின்றன. சந்தனமாரி இரண்டு தட்டு எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது. யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே போகலாம்.